சிப்ஸ் தாளில் நான்கு எழுத்துகள்

நம் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் முதலில் சிரிப்பீர்கள். ஐம்பதைத் தாண்டியாயிற்று, முழங்காலுக்கு மருந்து பூசாமல் படியிறங்க முடியவில்லை, இப்போது போய்ப் பத்து வயதில் எழுதிய சோதனையைப் பற்றியா பேசுகிறாய் என்று கேட்பீர்கள். கிராமர் ஸ்கூலுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிற அந்த இலெவன் பிளஸ் சோதனையை உங்களில் சிலர் என்னோடுதான் எழுதினீர்கள். சனிக்கிழமைகளில் அதே டியூஷனுக்கு வந்தீர்கள். ஒரு சனிக்கிழமை அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை வெளியே அனுப்பப்பட்டதையும் பார்த்தீர்கள். அவளை ஏன் அனுப்பினார்கள் என்பது தெரியும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருப்பீர்கள். நீங்கள் நினைத்தது சரியல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரைவிட்டு வந்த இரண்டாவது வருஷம் அது. லண்டனில் இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில், சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ஒரு சீன டேக்அவே கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். கடையின் பொரியல் மணம் படிக்கட்டு வழியாக ஏறி வந்து எங்கள் கோட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். அம்மா கோட்டுகளையெல்லாம் கறுப்புக் குப்பைப் பைகளுக்குள் போட்டுக் கட்டி வைப்பாள். அப்படியும் பள்ளிக்கூடத்தில் என்னை மோந்து பார்த்துவிட்டு "சிப்ஸ்" என்று கூப்பிட்டார்கள். கடைக்காரரின் மகளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேறு யாரும் பக்கத்தில் உட்காராததால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம்.

அவர்கள் ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள். கடைக்குப் பின்னால் இருந்த அறைகளில் தகப்பனும் தாயும் அவளும் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அவளைக் கீழ்வீட்டுப் பிள்ளை என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

கடைச் சமையலறையின் மூலையில், வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசை கிடந்தது. அவள் படிப்பது அங்கேதான். ஐந்து மணிக்குக் கடை திறப்பதற்கு முன், அவளுடைய தகப்பன் உருளைக்கிழங்கு சிப்ஸ் சுற்றும் வெள்ளைத் தாளிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்தெடுப்பார். விலைப் பட்டியல் எழுதுகிற தடித்த பேனாவால் அதில் மேலிருந்து கீழாக நான்கு எழுத்துகள் எழுதுவார். எழுதும்போது மூச்சு விடமாட்டார் போலிருக்கும். மை காய்ந்ததும் அதை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டுவார். வாரத்துக்கு ஒன்று. எண்ணெய் ஆவி பட்டுப் பட்டுப் பழைய தாள்கள் ஊடுருவிப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டிருந்தன.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று முதல் நாள் கேட்டேன். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம்.

"கதை."

"நான்கு எழுத்திலா?"

"கதை எல்லாருக்கும் தெரியும். எழுத்து அதை ஞாபகப்படுத்தத்தான்."

எல்லாக் கதைகளும் படிப்பைப் பற்றியவை, சோதனையைப் பற்றியவை. விளக்குக்கு வழியில்லாத ஒருவன் பக்கத்து வீட்டுச் சுவரில் துளை போட்டு, அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் படித்தானாம். இன்னொருவன் மின்மினிப் பூச்சிகளைப் பிடித்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படித்தானாம். வேறொருவன் பனி வெளிச்சத்தில் படித்தானாம். ஒருவன் பத்து வருஷம் குளிர்ந்த சன்னலருகே தனியே உட்கார்ந்து படித்தானாம். தேறினவர்களுடைய பெயரைத் தங்க நிறப் பலகையில் எழுதுவார்களாம். அந்தக் கதைக்கான எழுத்துகளை மட்டும் சிவப்புத் தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்தார்கள்.

"சுவரில் துளை போட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "இந்தக் கதைகளில் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதே இல்லை" என்றாள்.

ஒரு கதை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் சோதனைக்குப் போனார்கள். பட்டியலில் கடைசிப் பெயராக ஒருவனுடைய பெயர் வந்தது. அவன் ஊர் திரும்பியதும் மற்றவனின் தகப்பன் வந்து, என் மகன் என்ன ஆனான் என்று கேட்டார். அதற்கு அவன், "பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. உங்கள் மகனுடைய பெயர் அதற்கும் அப்பால் இருக்கிறது" என்றானாம்.

"தோற்றுவிட்டான் என்று நேரே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னால் அந்த அப்பா எப்படி வீட்டுக்கு நடந்து போவார்?" என்றாள் அவள்.

இந்தக் கதைகளை நான் மேலே வந்து அம்மாவுக்குச் சொல்வேன். அம்மா அரிசி களைந்தபடியே கேட்பாள். "அவையும் எங்களைப் போலத்தான். படிப்பு படிப்பு எண்டு பிள்ளையளப் போட்டு வதைக்கிறது" என்பாள். ஆனால் அதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

கீழ்வீட்டுப் பிள்ளை டியூஷனுக்கு வந்ததே அப்பா மூலமாகத்தான். ஒரு நாள் அவளுடைய தகப்பன் படிக்கட்டில் அப்பாவை மறித்து, "டீச்சர். என் மகளும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருக்கு வந்த ஆங்கிலம். அப்பா மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், இங்கே தன் வீட்டு முன்னறையில் வகுப்பு வைத்திருந்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

"எங்கட பிள்ளையளுக்கெண்டுதானே நான் வைக்கிறன்" என்று மாஸ்டர் இழுத்தார்.

"நல்ல பிள்ளை, மாஸ்டர். நான் பொறுப்பு" என்றார் அப்பா.

அவளுக்குச் சொல் சம்பந்தமான கேள்வித்தாள் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துகளை இடம் மாற்றிப் புதுச்சொல் கண்டுபிடிப்பது, கூட்டத்தில் சேராத சொல்லைப் பிரிப்பது, எல்லாவற்றையும் நான் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் முடித்துவிடுவாள். எனக்குக் கணக்கு வரும். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தச் சமையலறை மேசையில் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் கொடுப்போம். அவளுடைய தாய் இறால் உரித்துக்கொண்டே எங்களைப் பார்ப்பாள், பேசமாட்டாள், ஆரஞ்சு நிறத் தோடம்பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து நடுவில் வைத்துவிட்டுப் போவாள்.

கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் சுவரில் புதுத்தாள் வந்தது. தூக்கம் வந்து தலை சாயாமல் இருக்கத் தன் கூந்தலைக் கூரை உத்தரத்தில் கட்டிக்கொண்டு படித்தவன் கதை பாதி. தூக்கம் வந்தபோதெல்லாம் தொடையில் ஊசியால் குத்திக்கொண்டு படித்தவன் கதை மீதி. ஊசி வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்தோம். சமையலறையில் துணி காயப்போடும் கம்பி ஒன்று தலைக்கு மேலே தொங்கியது. பார்சல் கட்டும் நூலால் அவள் தன் பின்னலை அதில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தலையை அசைத்தால் கண்கள் மேலே இழுபட்டன. இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

அன்று பின்னேரமே நான் மேலே வந்து என் பின்னலை எங்கள் அறையின் திரைச்சீலைக் கம்பியில் கட்டினேன். அப்பாவின் பழைய கழுத்துப்பட்டியால் கட்டினேன். கதிரையில் உட்கார்ந்தால் பட்டி எட்டவில்லை, அதனால் கதிரையில் முழங்காலிட்டுக்கொண்டு புத்தகத்தைச் சன்னல் படியில் வைத்திருந்தேன். கதவுக்கு முதுகு காட்டியபடி இருந்தேன்.

அம்மா சாமான் வாங்கிக்கொண்டு வந்தாள். பை விழுந்த சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. ஓடி வந்து என் கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து என்னை மேலே தூக்கினாள். நான் அப்போது அவளுக்குத் தூக்கக்கூடிய பாரம் இல்லை.

"அம்மா, நான் படிக்கிறன்" என்றேன்.

அவள் விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துவந்து, அவிழ்க்கக்கூடச் செய்யாமல், பின்னலைக் கழுத்தோடு வெட்டினாள்.

"ஆர் இதைக் காட்டித் தந்தது?"

"கீழ்வீட்டுப் பிள்ளை."

"இனிக் கீழ போகக் கூடாது. அந்தப் பிள்ளையோட கதைக்கவும் கூடாது. விளங்குதோ?"

கூந்தலை வெட்டிவிட்டாளே என்று நான் அழுதேன். அம்மாவுக்குப் பைத்தியம் என்றுகூட நினைத்தேன். அம்மாவின் தங்கை ஊரில் காய்ச்சலில் இறந்துபோனாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆமிக்காரர்கள் ஊருக்குள் வந்து போன மறுநாள் குசினிக் கூரை வளையில் அவள் தூக்கில் தொங்கக் கண்டதும், கால்களைத் தூக்கிப் பிடித்தபடி யாராவது வரும்வரை நின்றதும் அம்மாதான் என்பதை, தான் சாவதற்கு முந்திய வருஷம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது அம்மா எனக்குச் சொன்னாள். "நீ முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாய்" என்றாள். சின்னம்மா எப்படி இறந்தாள் என்று முப்பது வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறேன். அந்தக் கோடை முழுவதும் அம்மா என் கதவைத் திறந்து திறந்து பார்த்ததை நான் படிக்கிறேனா என்று உளவு பார்ப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆக, ஆறு வாரம் கீழே போகவில்லை. எனக்குக் கணக்கு வளர்ந்தது, சொல் கேள்வித்தாள் அப்படியே நின்றது. டியூஷனில் அவள் வழக்கம்போல எனக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். வெட்டிய தலைமயிரைப் பார்த்து, ஏன் என்று கண்ணால் கேட்டாள். நான் புத்தகத்தைத் திறந்தேன்.

செப்டெம்பரில் மாஸ்டர் ஒத்திகைச் சோதனை வைத்தார். வோல்பேப்பர் ஒட்டுகிற நீள மேசையில் ஒன்பது பேரும் வரிசையாக இருந்தோம். சொல் கேள்விகளின் முதல் பக்கத்திலேயே எனக்கு விடை வரவில்லை. இடது பக்கம் அவள் தாள் இருந்தது. அவள் கையால் மறைத்து எழுதும் வழக்கமில்லாதவள். ஒரு விடையைப் பார்த்தேன். பிறகு இன்னொன்று. மொத்தம் பதினொரு விடைகளைப் பார்த்து எழுதினேன். அவசரத்தில் அவள் இரண்டு விடைகளைப் பிழையாக எழுதியிருந்தாள். அவற்றையும் எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் எழும்புங்கோ. சரியும் ஒண்டு, பிழையும் ஒண்டு. ஆர் ஆரைப் பாத்தது?"

என்னிடம் தமிழில் கேட்டார், அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் கம்பளத்தைப் பார்த்தேன். மண்ணிறத்தில் மஞ்சள் வட்டங்கள் போட்ட கம்பளம், இப்போதும் வரைந்து காட்டுவேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது கன்னத்தில் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

மாஸ்டர் தமிழில் சொன்னார், நம் ஒவ்வொருவருக்கும் விளங்கும்படியும் அவளுக்கு மட்டும் விளங்காதபடியும்: "எங்கட பிள்ளை இந்த வேலை செய்யாது. எனக்குத் தெரியும்."

பிறகு அவளைப் போகச் சொன்னார். அவள் பென்சில் பெட்டியை மூடி, கோட்டைப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். உங்களில் ஒருவர்தான் கதவைத் திறந்துவிட்டீர்கள்.

மாஸ்டர் அப்பாவுக்கு போன் பண்ணிச் சொல்லியிருந்தார். அப்பா வீட்டுக்குள் இருக்க முடியாமல் படியிறங்கிப் போய் அவளுடைய தகப்பனிடம், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உன் மகள் களவு செய்தாள், என் பெயர் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சன்னலிலிருந்து பார்த்தேன். அவளுடைய தகப்பன் ஏப்ரன் இல்லாமல் நான் கண்டது அன்று மட்டும்தான். கோட் சூட் போட்டு, ஒரு பெட்டி தோடம்பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகளை முன்னால் நடக்கவிட்டு, மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பா மேசையில்தான் இருந்தார். "அப்பா" என்று தொடங்கினேன்.

"நீ ஒண்டுக்கும் பயப்பிடாத. உனக்கொண்டும் வராது" என்றார் அப்பா.

சோதனை ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். கீழ்வீட்டுப் பிள்ளையின் பெயர் வந்தது. பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு, அந்தப் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அவளுடைய தகப்பன்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பது பள்ளிக்கூடத்தில் பிறகு தெரிந்தது. களவு செய்கிறவளுக்கு அந்தக் கதவு திறக்கக் கூடாது என்று சொன்னாராம்.

நான் பாஸ் பண்ணினேன். கோயிலில் அர்ச்சனை செய்தார்கள், மாஸ்டருக்கு வேட்டி கொடுத்தார்கள். அப்பாவுக்கு எங்கேயோ உறுத்தியிருக்க வேண்டும். "அந்தப் பிள்ளைக்கு என்னவாம்?" என்று கேட்டார்.

"பேர் வரேல்லை" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அப்பா தலையாட்டிவிட்டு ரீவியைப் போட்டார்.

பள்ளிக்கூடத்தில் அவள் வேறு மேசைக்குப் போய்விட்டாள். தை மாதத்தில் அவர்கள் கடையை விட்டுப் போனார்கள். வீட்டுச் சொந்தக்காரரோடு அப்பா கீழே போனபோது நானும் போனேன். மேசை இருந்த மூலையில், எண்ணெய் பிடித்துப் பழுப்பான சுவரில், தாள்கள் ஒட்டியிருந்த இடங்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. மேலிருந்து கீழாக, பக்கத்தில் பக்கத்தில். எழுத்தில்லாத அந்த வெள்ளைகளை நான் எத்தனையோ தடவை கனவில் கண்டிருக்கிறேன். கனவில் என்னை அவற்றை வாசிக்கச் சொல்வார்கள்.

போன இலையுதிர் காலத்தில் கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுக் காத்திருந்தேன். எல்லாம் புகையாகத் தெரிந்தது. தாதி பெயர் கூப்பிட்டாள். நாற்பது வருஷம் என் காதில் கேட்டுக்கொண்டிருந்த அதே பெயர். எனக்கு இரண்டு கதிரை தள்ளி ஒரு பெண் எழுந்து, இங்கே இருக்கிறேன் என்றாள்.

அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். கிட்டப் போய் நின்றதும் சற்று நேரம் பார்த்தாள். "சிப்ஸ்" என்றாள்.

ஆஸ்பத்திரித் தேநீர்ச்சாலையில் உட்கார்ந்தோம். அவள் கார் ஓட்டப் பழக்குகிறாளாம். தகப்பன் அந்த வருஷத் தொடக்கத்தில்தான் இறந்தாராம். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் நேரே சொன்னேன். "அன்றைக்கு நான்தான் பார்த்தெழுதினேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"ஏன் சொல்லவில்லை?"

"நீ சொல்வாய் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்."

பிறகு அவள் சொன்னாள். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்த் தாயிடம் மட்டும் உண்மையைச் சொன்னாளாம். தாய் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மறுநாள் தகப்பனோடு மன்னிப்புக் கேட்க அனுப்பிவைத்தாளாம். "அம்மாவே நம்பவில்லை என்றால் அப்பாவிடம் என்ன சொல்வது? அவர் சாகும்வரை என்னைக் கள்ளி என்றுதான் நினைத்தார். அம்மா இன்னமும் அப்படித்தான் நினைக்கிறாள். நீ வந்து அவளிடம் சொல்வாயா?"

வருகிறேன் என்றேன்.

அவர்கள் இல்ஃபோர்டுக்கு அடுத்த செவன் கிங்ஸில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். தாய் சன்னலருகே போர்வை போர்த்து உட்கார்ந்திருந்தாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், உடம்பு சின்னதாகிவிட்டது, ஆனால் பார்வை தெளிவாக இருந்தது. நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மகள் அவர்கள் மொழியில் சொன்னாள். சோதனை. பக்கத்துத் தாள். பதினொரு விடை. உங்கள் மகள் இல்லை, நான். நாற்பது வருஷம் தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

தாய் என்னைப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள்.

"அன்றைக்கே தெரியுமாம்" என்று மகள் எனக்குச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது போலிருந்தது. தாயின் பக்கம் திரும்பி என்னவோ கேட்டாள். தாய் பதில் சொன்னாள். மகள் மீண்டும் கேட்டாள், இம்முறை குரல் உயர்ந்திருந்தது. தாய் கைகளைப் பார்த்தபடி நிறையச் சொன்னாள்.

மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், ஆங்கிலத்தில் சொன்னாள். "நம்பினாளாம். நான் சொன்ன உடனேயே நம்பினாளாம். கடை திறக்கிற நேரமாம். ஆட்கள் வாசலில் வந்துவிட்டார்களாம். நாளைக்கு அப்பாவோடு பேசுவோம் என்று நினைத்தாளாம்."

அதற்கு மேல் அவள் எனக்கு எதுவும் மொழிபெயர்க்கவில்லை. இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் அங்கே இருப்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன், யாரும் திரும்பவில்லை. வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டேன்.

உள்ளே அவள் அழத் தொடங்கினாள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண் அழுவது போல இல்லை. சின்னப்பிள்ளை அழுவது போல, மூச்சு விடாமல், வாய் திறந்து அழுதாள். அன்று மாஸ்டர் வீட்டில் அவள் அழவே இல்லை.